எரிந்த குன்றில் என்ன மிச்சமிருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் நண்பர்கள் சிலரும் தீயில் எரிந்துபோன ஒரு குன்றில் மரக்கன்று நட நினைக்கிறோம். 'சும்மா விடுங்கள், காடு தானாக வரும்' என்கிறார் ஒருவர். வருமா? வந்தாலும் பழைய காடாகவே வருமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். அச்சு அசலாக அப்படியே வராது. புல், புதர், மரம், கடைசியில் அதற்குமேல் பெரிதாக மாறாத உச்சநிலைக் காடு என்று 'வழிமுறை வளர்ச்சி'யைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1916இல் கிளெமென்ட்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் அதை ஓர் உயிர் வளர்வதைப் போலவே விளக்கினார். அவ்வளவு ஒழுங்கெல்லாம் கிடையாது, எந்த விதை வந்து விழுகிறதோ அதைப் பொறுத்தது என்று 1926இல் கிளீசன் என்ற இன்னொரு தாவரவியலாளர் மறுத்தார். நான் கிளீசன் பக்கம்.

தானாக வருமா என்பதுதான் பெரிய கேள்வி. அங்கே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

1980 மே 18 காலை அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தது. சுமார் 600 சதுர கிலோமீட்டர் நாசமானது. ஆனால் சில இடங்களில் பனி இன்னும் உருகியிருக்கவில்லை. அதற்கு அடியில் இருந்த சின்னச் செடிகள் பிழைத்துக்கொண்டன. கோஃபர் என்று ஒரு பிராணி, எலி மாதிரி வளையில் வாழ்வது. அதுவும் மண்ணுக்குள் தப்பித்தது. அது வளை தோண்டத் தோண்ட, சாம்பலுக்கு அடியில் புதைந்த பழைய மண் மேலே வந்து சின்னச் சின்னக் குவியலாக விழுந்தது. அந்த மண்ணில் வேருக்குத் துணையாக வாழும் பூஞ்சையின் வித்துகள் இருந்தன. அதில் விழுந்த விதை பிழைக்க வழி கிடைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

எரிமலைக்கு வடக்கே நுரைக்கல் (எரிமலை கக்கிய, துளை நிறைந்த லேசான கல்) மூடிய சமவெளியில் இந்த மிச்சமும் இல்லை. அங்கே முதலில் வேர்பிடித்தது லூபின், அவரைக் குடும்பத்துச் செடி. வேர் முடிச்சில் நைட்ரஜனைச் சேர்த்தது. காய்ந்து செத்த பிறகும், காற்றில் பறந்து வந்த விதைகளைத் தடுத்து நிறுத்தியது. இருந்தும் புழுக்கள் அதைத் தின்றதால் பசுமை பரவப் பல ஆண்டுகள் ஆயின.

ஐஸ்லாந்து அருகே 1963இல் கடலுக்குள்ளிருந்து எழுந்த சர்ட்சி தீவு இன்னும் மெதுவானது. 1965இலேயே கரையில் ஒரு செடி முளைத்துவிட்டது. ஆனால் 1980களில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடுகட்டி, அவற்றின் எச்சம் மண்ணில் சேர்ந்த பிறகுதான் செடிகள் வேகமாகப் பெருகின.

சரி, உங்கள் குன்றுக்கு வருவோம். முதலில் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். மேல்மண் இருக்கிறதா? கருகிய அடிமரத்தைக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? பறவைகள் விதை கொண்டுவரப் பக்கத்தில் காடு உண்டா? எல்லாம் இருந்தால் ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள். கருகி நிற்கும் மரங்களை வெட்டி இழுத்துப் போகவும் விடாதீர்கள். பறவை உட்காரவும், மண் அரிக்காமல் இருக்கவும் அவை வேண்டும். மேல்மண்ணே அடித்துக்கொண்டு போயிருந்தால் காத்திருக்க வேண்டாம், நடுங்கள். ஆனால் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த மரங்களையே நடுங்கள்.

தோண்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.