மரத்தில் செய்த குண்டுவீச்சு விமானம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர் பற்றிய உங்கள் கட்டுரையில் பிரிட்டனின் மாஸ்கிட்டோ விமானத்தை ‘மரத்தாலான அதிசயம்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். உலோகம் கிடைக்காத நெருக்கடியில், வேறு வழியில்லாமல் செய்ததுதானே அது? மரம் என்பதால் ரேடாரில் தெரியாது என்று ஒரு காணொளியில் கேட்டேன். உண்மையா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ரேடார் கதையை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு மெர்லின் எஞ்சின்கள், சுழலும் விசிறிகள், வயிற்றில் குண்டுகள் என்று அவ்வளவு உலோகத்தை வைத்துக்கொண்டு ரேடாருக்கு ஒளிய முடியாது. ஜெர்மானியர்களுக்குத் தெரியத்தான் செய்தது. துரத்திப் பிடிக்கத்தான் முடியவில்லை.

வேறு வழியில்லாமல் செய்தார்கள் என்பதும் சரியில்லை. இதைச் செய்த டி ஹாவிலாண்ட் விமான நிறுவனம் போருக்கு முன்பே, 1938இலேயே, இந்த யோசனையோடு அரசிடம் போய்விட்டது. ஆல்பட்ராஸ் என்ற பயணிகள் விமானத்தில் பால்சா என்ற மிக லேசான மரத்தை இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே வைத்து ஒட்டும் முறையை அவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார்கள். போர் வந்தால் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும், தச்சர்கள் சும்மா இருப்பார்கள் என்ற கணக்கும் இருந்தது. அதிகாரிகளுக்கு உறுத்தியது மரம் மட்டுமல்ல, தற்காப்புக்கு ஒரு துப்பாக்கிகூட இல்லாத குண்டுவீச்சு விமானமா என்பதும்தான். துப்பாக்கியையும் அதைச் சுடும் ஆட்களையும் எடுத்துவிட்டால் எடை குறையும், இரண்டே பேர் போதும், வேகத்தில் தப்பிக்கலாம் என்றது நிறுவனம். வில்ஃப்ரிட் ஃப்ரீமன் என்ற விமானப்படை உயரதிகாரி ஆதரிக்காவிட்டால் இது காகிதத்திலேயே செத்திருக்கும். 1940 நவம்பர் 25 அன்று முதல் விமானம் பறந்தது, அப்புறம் நடந்த சோதனையில் மணிக்குச் சுமார் 630 கிலோமீட்டர் எட்டி, பிரிட்டனின் அன்றைய சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரையே முந்தியது.

கட்டிய விதம்தான் எனக்குப் பிடித்தது. உடற்பகுதியை அவரைக்காயைப் பிளந்ததுபோல இடம் வலம் என்று இரண்டு பாதிகளாக அச்சின் மேல் ஒட்டிச் செய்வார்கள், திறந்திருக்கும்போதே கம்பிகள், குழாய்கள் எல்லாவற்றையும் உள்ளே பொருத்திவிட்டுக் கடைசியில் இரண்டையும் சேர்ப்பார்கள். நாற்காலி மேசை செய்துகொண்டிருந்த பட்டறைகளுக்கு இது பழகிய வேலை.

1943 அக்டோபரில் நீல்ஸ் போர் (Niels Bohr) என்ற இயற்பியலாளரை ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு மாஸ்கிட்டோவின் குண்டு வைக்கும் அறையில் படுக்கவைத்து பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். தலை பெரிது, காதொலிக்கருவி சரியாகப் பொருந்தவில்லை, பிராணவாயு முகமூடியை மாட்டச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவரிடமிருந்து பதில் வராததால் விமானி சந்தேகப்பட்டு உயரத்தைக் குறைத்தார், மனிதர் பிழைத்தார்.

மரத்தின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். 1944 கடைசியில் இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த மாஸ்கிட்டோக்களில் சில வானத்திலேயே உடைந்து விழ, மற்றவற்றை நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். இறக்கைகளில் ஒட்டு விட்டிருந்தது. நம் வெயிலும் மழை ஈரமும் காரணம் என்றார்கள் சிலர், தொழிற்சாலையில் துண்டுகளைச் சரியாகப் பொருத்தி ஒட்டவில்லை என்றார்கள் வேறு சிலர். இரண்டும் சேர்ந்துதான் என்பது என் கட்சி, ஏனென்றால் ஒழுங்காக ஒட்டிய பல விமானங்கள் அதே மழையில் கடைசிவரை பறந்திருக்கின்றன.