கார்ச்சோஃபி சாப்பிட்டால் ஈரல் கொழுப்புக் கரையுமா?

கேள்வி: வயது 46. இத்தாலியில் பலெர்மோவில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். எடை 82 கிலோ. மது அருந்துவதில்லை. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. கார்ச்சோஃபி, அதாவது ஆர்டிசோக், ஈரலைக் கழுவிவிடும் என்கிறார் கூட வேலை செய்யும் இத்தாலியர். தினமும் சாப்பிடலாமா? மாத்திரையாகவும் விற்கிறார்கள், வாங்கட்டுமா?

பதில்: காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரை வேண்டாம்.

ஈரல் அடிப்பிடித்த சட்டி அல்ல, தேய்த்துக் கழுவுவதற்கு. உங்களுக்கு இருப்பது ஈரல் உயிரணுக்களுக்கு உள்ளேயே துளித்துளியாகச் சேர்ந்த கொழுப்பு. ஆனாலும் உங்கள் நண்பர் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இந்தச் செடியின் இலையில் உள்ள சினாரின் போன்ற பொருட்கள் பித்தநீர் சுரப்பதைக் கூட்டும். சாப்பிட்டபின் வரும் வயிற்றுப் பொருமல் அதனால் சிலருக்குத் தணிகிறது. வயிறு இலேசானால் ஈரல் சுத்தமானது என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கார்ச்சோஃபி தின்ற கையோடு தண்ணீர் குடித்தால் இனிக்கும், கவனித்திருப்பீர்கள். அதற்கும் சினாரினைத்தான் காரணம் சொல்கிறார்கள். நெல்லிக்காய் தின்று வளர்ந்த நமக்கு அது புதுமையில்லை.

இலைச்சத்து மாத்திரையைக் கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்தன. ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற நொதிகள் ரத்தத்தில் ஓரளவு இறங்கின. ஈரலில் விழுந்த தழும்பு ஆறியதாக அவை காட்டவில்லை. சோதித்தது இலையை, நீங்கள் தின்பதோ பூமொட்டை. பித்தப்பையில் கல் இருந்தால் இந்த மாத்திரை வலியைக் கிளப்பிவிடக்கூடும். செவ்வந்தி, சூரியகாந்தி ஒவ்வாதவர்களும் தள்ளியிருக்க வேண்டும், எல்லாம் ஒரே குடும்பம்.

மொட்டில் வேறு நன்மை உண்டு. நடுத்தர அளவில் ஒன்றை அவித்தால் ஏறக்குறைய 60 கலோரிதான். நார்ச்சத்தோ 6, 7 கிராம் வரும். பாணுக்குப் பதிலாகத் தட்டில் அது இருந்தால் லாபம். ஆனால் உங்கள் ஊரில் மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்களே, அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். தணலில் வாட்டியது நல்லது. வேலை முடிந்ததும் யாராவது ‘ஈரலுக்கு நல்லது’ என்று சினார் என்ற பானத்தை ஊற்றித் தந்தால் கும்பிட்டு விலகுங்கள். போத்தலில் ஆர்டிசோக் படம் இருந்தாலும் அது மதுதான்.

ஈரல் கொழுப்பைக் கரைப்பது எடை குறைவதுதான். 4 கிலோ இறங்கினாலே ஈரலில் தெரியும். 6 முதல் 8 கிலோ இறங்கினால் வீக்கமும் அடங்க வாய்ப்புண்டு. சமையலறையில் வேலை செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, நள்ளிரவில் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி சீனி என்பதைத்தான். சீனியை நிறுத்துங்கள். பால், சீனி இல்லாத கோப்பியைத் தொடரலாம். அது ஈரலுக்குப் பகை இல்லை.

உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஏஎல்டி, ஏஎஸ்டி, பிளேட்லெட், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் மூன்றையும் உங்கள் வயதையும் வைத்து எஃப்ஐபி-4 என்று ஒரு கணக்குப் போடுவார். அது 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. மேலே போனால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும்.