ஆலயத்தைத் தேடாதீர்கள், குருசேகரத்தைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். சென்ற ஜூனில் சென்னை நாவலூருக்குக் குடிவந்தோம். அம்மாவுக்கு 78 வயது. வீட்டைச் சுற்றி ஏழெட்டு சபைகள் இருந்தும், பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம் என்று நம் ஊர் முறைப்படி நடக்கிற ஆராதனை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நான்கு மாதமாக நற்கருணை (திருவிருந்தின் அப்பமும் ரசமும்) எடுக்கவில்லையே என்று அம்மா அழுகிறார்கள். மகனுக்கு வேறு பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதற்கிடையில் ஒருவர், 40,000 ரூபாய் கொடுத்தால் நகரத்துப் பழைய ஆலயம் ஒன்றில் எங்களை உறுப்பினராக்கி, கல்லறைத் தோட்டத்தில் இடமும் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் என்று நூறு ரூபாய்கூட வேண்டாம்.

நீங்கள் பிறந்து வளர்ந்ததே சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்த சபைகளும் கூடி ஒன்றானது அது. நாசரேத்தில் எடுத்த ஞானஸ்நானமும், நற்கருணை எடுக்கத் தகுதி தரும் திடப்படுத்தலும் நாவலூரிலும் செல்லும். உங்களுக்குத் தேவை ஊர் ஆயரின் (சபைப் போதகரின்) கையெழுத்தும் முத்திரையும் உள்ள சபை மாற்றுக் கடிதம் ஒன்றுதான். அதற்கு விலை இல்லை. மாதச் சந்தா பாக்கி இருந்தால் கட்டி ரசீது வாங்குங்கள். அதோடு முடிந்தது.

உங்கள் கண்ணில் ஏன் படவில்லை என்றால், நீங்கள் கட்டடத்தைத் தேடுகிறீர்கள். புறநகரில் நம் சபைகள் பல இன்னும் பள்ளிக்கூட ஹாலிலும் ஷெட்டிலும்தான் கூடுகின்றன. போன் மேப்பில் தேடினால் பெரிய போர்டு வைத்தவர்கள் வருவார்கள், இவர்கள் வரமாட்டார்கள். கோபுரமும் வளைவு ஜன்னலும் பார்த்து நம்பி நுழைந்தால் உள்ளே தனிநபர் ஊழியமாக இருக்கலாம். ஆகவே குருசேகரம் எது என்று கேளுங்கள். ஊரில் நாம் சேகரம் என்போமே, அதே ஏற்பாடுதான். ஓர் ஆயருக்குக் கீழே தாய்ச்சபையும் சில கிளைச் சபைகளும் இருக்கும். கிளைச் சபைக்கு ஆயர் எல்லா ஞாயிறும் வரமாட்டார், நற்கருணை நாளில் வருவார். சென்னைப் பேராய அலுவலகம் கதீட்ரல் சாலையில், நான் மேலே சொன்ன பேராலயத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் தெருப் பெயரைச் சொல்லி, எந்தக் குருசேகரத்தின் எல்லை என்று கேட்டால் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டும் என்றுதான் எழுத முடிகிறது. முப்பது ஆண்டு ஆயராக இருந்தவன் நான். புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு அருகிலுள்ள சபையைச் சொல்ல எந்த அலுவலகத்திலும் தனியாக ஓர் ஆள் இருந்து பார்த்ததில்லை. இணையப் பட்டியலில் மாறிப்போன ஆயரின் எண்ணே கிடக்கும். சபைத் தேர்தல் வந்துவிட்டாலோ ஓட்டுக்காக ஆள் சேர்க்க வீடு தேடி வருவார்கள். சில திருமண்டலங்களை (பேராயங்களுக்குத் தெற்கே அந்தப் பெயர்) நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றம் நியமிக்கும் அளவுக்கு நம் சண்டை போயிருக்கிறது. இந்த அலட்சியத்தில்தான் 40,000 கேட்கிறவர் பிழைக்கிறார். போன் எடுக்காவிட்டால் நேரில் போங்கள். அதைவிடச் சுலபம், நாவலூரிலோ சோழிங்கநல்லூரிலோ இருக்கும் நம் ஊர்க்காரர் யாரையாவது பிடித்து, வீட்டு ஜெபத்துக்கு எந்த ஐயா வருகிறார் என்று விசாரிப்பது.

இடம் தெரிந்ததும் காலை முதல் ஆராதனைக்குப் போங்கள். இரண்டாவது ஆராதனையில் பல சி.எஸ்.ஐ. சபைகளிலும் இப்போது ட்ரம்ஸ் உண்டு. அதை மட்டும் பார்த்துவிட்டு இது நம் சபை இல்லை என்று திரும்பிவந்த குடும்பங்களை அறிவேன். ஊரில் பாமாலை என்கிற பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடிய அம்மாவுக்கு இங்கே ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கொடுக்கலாம், பக்க எண் மாறும். கீர்த்தனைகளில் பல அம்மாவுக்கு மனப்பாடமாகவே இருக்கும். பக்கத்தில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபை இருந்தாலும் தயங்க வேண்டாம். அவர்கள் 1947 ஐக்கியத்தில் சேரவில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் காலத்திலிருந்து வருகிற மரபு அது, ஒழுங்குமுறை ஆராதனையில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை.

இனி போலிகள். பேராயரின் ஊதாச் சட்டை, தலையில் வைக்கும் கிரீடம், கையில் செங்கோல் எல்லாம் கடையில் கிடைக்கும். ஒருவருக்கொருவர் கைவைத்துப் பேராயர் ஆக்கிக்கொண்டவர்கள் இங்கே கொஞ்சநஞ்சப் பேர் அல்ல. பழைய சபைகளின் பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போர்டில் எழுதிக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆயர் இதற்கு முன் எந்தக் குருசேகரத்தில் இருந்தார்? அவரை மாற்றுகிற அதிகாரம் யாருக்கு? நிலம் யார் பெயரில்? நம் ஆயர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை பெட்டி கட்டுகிறவர்கள். சொத்து பொதுவாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். ஆரம்பித்தவரே ஆயர், மனைவியே பொருளாளர், நிலம் அவர்கள் பெயரில் என்று பதில் வந்தால் அது நீங்கள் தேடும் சபை அல்ல. அவர்கள் ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. தட்டிக்கேட்க மேலே ஒருவரும் இல்லாத இடத்தில் உங்கள் குடும்பப் பதிவேட்டை ஒப்படைக்காதீர்கள் என்கிறேன்.

மகனின் திருமணத்துக்கு இது மிக முக்கியம். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, யார் திருமணம் நடத்தலாம் என்று வரையறுக்கிறது. பேராயரால் குருப்பட்டம் பெற்றவர் தம் சபை விதிப்படி நடத்தலாம். மூன்று ஓலை வாசிப்பது (திருமண அறிவிப்பை ஆலயத்தில் மூன்று முறை வாசிப்பது), இரு வீட்டாரின் சபைக் கடிதம் எல்லாம் அந்த விதிக்குள் வரும். அதிகாரம் இல்லாதவர் நடத்தினால் 68-ஆம் பிரிவில் பத்து ஆண்டுவரை சிறை. அதற்காக, சுயாதீன சபையில் நடக்கும் திருமணம் எதுவும் செல்லாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மாநில அரசு 6-ஆம் பிரிவின்கீழ் போதகர்களுக்கு உரிமம் தருகிறது, அரசிதழில் பெயர் வரும். அந்த உரிமம் உள்ளவர் நடத்தும் திருமணம் நான் நடத்தியதைப்போலவே முழுமையாகச் செல்லும். பெண் வீட்டார் அப்படிப்பட்ட சபையாக இருந்தால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமம் ஆளுக்கு, சபைக்கு அல்ல. அப்பாவின் உரிமம் மகனுக்கு வராது. உதவிப் போதகர் தாலி எடுத்துக் கொடுத்துவிட்டு, உரிமம் உள்ளவர் பின்னால் கையெழுத்துப் போடுவதும் கூடாது. நடத்துகிறவர் பெயர் வந்த அரசிதழின் நகலைக் கேளுங்கள், வாயால் சொன்னால் போதாது. எந்தச் சபையில் நடந்தாலும் 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

கடைசியாகக் கல்லறை. தரகர்கள் நம்மை மடக்குவது இந்தப் பயத்தை வைத்துத்தான். கீழ்ப்பாக்கம், காசிமேடு தோட்டங்களை நிர்வகிப்பது சபைகள் சேர்ந்து நடத்தும் ஓர் அறக்கட்டளை. கீழ்ப்பாக்கத்தில் இட நெருக்கடி பல ஆண்டுகளாக இருப்பதால், குடும்பக் கல்லறையையே திரும்பத் திறந்து அடக்கம் செய்கிறார்கள். அங்கே ஓர் இடத்தை எடுத்து விற்கத் தனி ஆளுக்கு உரிமை கிடையாது. பணத்தைக் கட்டிவிட்டு, துக்க வீட்டில் பிரேதத்தை வைத்துக்கொண்டு அந்த ஆளின் போனுக்கு முயன்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தோடு ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் வேறொரு ஆயரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் இடம் வாங்கினோம். நீங்கள் குருசேகரத்தில் சேரும்போதே அடக்க ஏற்பாடு என்ன என்று செயலரிடம் கேட்டுவிடுங்கள். இதில் அம்மாவின் விருப்பத்தைக் கேட்டீர்களா? நாசரேத்தில் அப்பாவின் பக்கத்தில் படுக்கத்தான் அவர்களுக்கு ஆசையாக இருக்கலாம்.

ஊர்க் கடிதம் வரும்வரை அம்மா காத்திருக்க வேண்டாம். திடப்படுத்தல் பெற்றவர் எந்த சி.எஸ்.ஐ. ஆலயத்திலும் விருந்தினராக நற்கருணை எடுக்கலாம். பெரும்பாலான சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு அது. படியேற முடியாவிட்டால் ஆயரிடம் சொல்லுங்கள், முதியோருக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது அவர் கடமை. மேஜையில் ஒரு வெள்ளைத் துணி மட்டும் விரித்து வையுங்கள்.