மின்னூல் படிக்கத் தொடங்குபவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வாங்குவதா, மொபைல் போதுமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: எந்தக் கருவி வாங்குவது, தமிழ் நூல்கள் எங்கே கிடைக்கும், இலவசமாகக் கிடைப்பதைக் கருவிக்குள் எப்படி ஏற்றுவது. கருவியைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். அடுத்த சில மாதங்களில் நீங்கள் படிக்க நினைக்கும் பத்து நூல்களின் பெயரை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த வடிவக் கோப்பாகக் கிடைக்கிறது என்று தேடிப் பாருங்கள். எந்த ரீடர் (மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவி) வாங்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். ஆங்கிலம் மட்டும் படிப்பவர் எதை வாங்கினாலும் சமாளித்துவிடுவார். தமிழ் வாசகருக்கு அப்படியில்லை. நமக்கு வேண்டிய பழைய நூல்களில் நிறைய ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகத்தான் இருக்கின்றன.

கோப்புகளில் அடிப்படையாக இரண்டு வகை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்து திரைக்குத் தக்கபடி அமைவது ஒரு வகை. இபப், கிண்டிலின் ஏஇசட்டபிள்யூ3 ஆகியவை இதில் சேரும். இபப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை வலைப்பக்கங்கள்தான். அவற்றை ஒன்றாக ஜிப் செய்து வைத்திருப்பார்கள். படம் இல்லாத நாவல் பெரும்பாலும் 1 எம்பிக்குள் அடங்கிவிடும். மற்ற வகை பிடிஎஃப். அது அச்சுப் பக்கத்தின் நகல். எந்த அளவுத் தாளுக்காகச் செய்தார்களோ அந்த அளவிலேயே நிற்கும்.

கணக்குப் போட்டால் சிக்கல் புரியும். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. ஆறு அங்குல ரீடரின் திரை அகலம் ஏறக்குறைய 91 மி.மீ. முழுப் பக்கமும் திரையில் தெரியும்படி வைத்தால் 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட்டாகச் சுருங்கும்; மாத்திரை அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்து மாதிரி. வெள்ளை ஓரங்களை வெட்டினால் 7 பாயின்ட்டை நெருங்கலாம். ரீடரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் 9 பாயின்ட் வரும், ஆனால் ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தரம் நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கும். ரீடர்களில் உள்ள, காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மறுபடி வரைந்தாக வேண்டும் என்பதால் போனில் செய்வதுபோல விரலால் பெரிதாக்கி இழுத்துப் படிப்பது ஒத்துவராது. 10.3 அங்குலத் திரையின் அகலம் சுமார் 157 மி.மீ.; ஓரம் வெட்டிய ஏ4 பக்கம் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே தெரியும்.

ஆகவே உங்கள் பட்டியலில் பெரும்பாலானவை இபப்பாகவோ கிண்டில் கடையிலோ கிடைத்தால் 6 அல்லது 7 அங்குல இ-இங்க் ரீடர் அருமையான துணை. பெரும்பாலானவை ஸ்கேன் என்றால் அந்தப் பணத்தை அதில் போடாதீர்கள். பத்து அங்குல சாதாரண டேப்லெட் போதும். கண்ணுக்கு இ-இங்க்தான் வேண்டும் என்றால் 10 அங்குலத்துக்கு மேற்பட்ட ஆண்ட்ராய்டு இ-இங்க் ரீடருக்குப் போகலாம், விலை அதிகம்.

இனி நூல்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பில் சங்க இலக்கியம் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை இருக்கிறது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம், எவரும் நகலெடுத்துப் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களை வெளியிடுகிறது. இபப், ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று தனித்தனியாகக் கொடுப்பதால் தொடக்கக்காரருக்கு இதுவே சுலபமான இடம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவரும் நூலகம் தளமும் பெரும் களஞ்சியங்கள், ஆனால் பெரும்பாலும் ஸ்கேன். கிண்டில் கடையிலும் கூகுள் ப்ளே புக்ஸிலும் இன்றைய எழுத்தாளர்களை வாங்கலாம். சிங்கப்பூரில் இருந்தால் தேசிய நூலக வாரிய உறுப்பினராகித் தமிழ் மின்னூல்களை இரவல் எடுக்கலாம்.

விக்கிப்பீடியா போலவே தன்னார்வலர்கள் நடத்தும் நூல் தளமான தமிழ் விக்கிமூலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட ஏராளமான நூல்களை அங்கே ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தாக மாற்றிவருகிறார்கள். பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினால் இபப் வந்துவிடும். இறக்கும் முன் அந்த நூலின் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து பக்க எண்களின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மெய்ப்புப் பார்க்கவில்லை, கணினி படித்தது அப்படியே இருக்கிறது, எழுத்துப்பிழை மலிந்திருக்கும். மஞ்சள் ஒருவர் பார்த்தது. பச்சை இன்னொருவரும் சரிபார்த்தது. மஞ்சளும் பச்சையுமாக இருக்கும் நூலைத் தயங்காமல் எடுங்கள். இதெல்லாம் தன்னார்வலர்கள் வரி வரியாகப் பார்த்துச் செய்த வேலை; படிக்கும்போது பிழை கண்ணில் பட்டால் நீங்களே போய்த் திருத்திவிடலாம், திருத்துங்கள்.

எது சட்டப்படி இலவசம்? இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. இலங்கையில் 70 ஆண்டுகள். 1948இல் மறைந்த புதுமைப்பித்தனும் 1954இல் மறைந்த கல்கியும் எழுதியவை இன்று பொதுவுடைமை. இவை தவிர தமிழக அரசு நாட்டுடைமையாக்கியவை உண்டு. டெலிகிராம் குழுக்களில் சுற்றும் புதுப் புத்தக பிடிஎஃப்கள் இந்த இரண்டிலும் சேராது. தமிழில் எழுதிக் கிடைக்கும் வருமானமே சொற்பம், அதையும் பறிக்க வேண்டாம்.

முதல் மாதம் மொபைலிலேயே படியுங்கள். ஆண்ட்ராய்டில் ரீட்எரா என்ற செயலி இலவசம், விளம்பரம் கிடையாது, இபப், பிடிஎஃப் இரண்டையும் திறக்கும். ஐபோனில் ஆப்பிள் புக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, இருபக்கமும் சமன் செய்யும் அமைப்பை மாற்றி இடப்பக்கம் மட்டும் சீராக வைப்பது. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரே சொல் போன் திரையில் ஒரு வரியையே பிடித்துக்கொள்ளும். சமன் செய்தால் அதற்கு முந்தைய வரியில் மிஞ்சும் இரண்டு சொற்களையும் இரண்டு ஓரத்துக்கு இழுத்து, நடுவில் பெரிய ஓட்டை விழும். தமிழ் மின்னூல் படித்தால் கண் வலிக்கிறது என்று சொல்பவர்கள் பலர் இந்த ஒரு அமைப்பை மாற்றாதவர்கள். கிண்டிலிலும் எழுத்து அமைப்பு மெனுவில் லேஅவுட் பகுதியில் இது உண்டு.

ஒரு மாதம் கழித்தும் படிக்கும் ஆசை குறையாமல், போனின் வெளிச்சமும் வாட்ஸ்அப் அறிவிப்புகளும் மட்டுமே தொந்தரவு என்றால் இ-இங்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. அந்தத் திரையில் மின்னூட்டம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. நகர்ந்த பின் மின்சாரம் இல்லாமலே அப்படியே நிற்கும். அதனால்தான் பேட்டரி வாரக்கணக்கில் வருகிறது. காகிதம் போல வெளி வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுவதால் வெயிலிலும் எழுத்து தெளிவாக இருக்கிறது. இருட்டில் படிக்க உதவும் விளக்கு திரைக்கு முன்பக்கம், ஓரத்திலிருந்து பரவுவது. வாங்கும்போது அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு அது தேவை. வண்ண இ-இங்க் நாவல் படிப்பவருக்கு அவசியமில்லை. இன்று பரவலாக உள்ள கெலைடோ 3 திரையில் வண்ணம் 150 புள்ளிதான், பின்னணியும் சற்று மங்கல்.

கிண்டில் 2016 கடைசியிலிருந்து தமிழ் நூல்களை விற்கிறது. தமிழ் எழுத்து ஒழுங்காக வரும், கடையும் பெரிது. அதன் ஏழு அங்குல பேப்பர்வைட் மாடல் இந்தியாவில் 2025இல் 16,999 ரூபாய்க்கு அறிமுகமானது. கோபோ என்ற இன்னொரு நிறுவனத்தின் ரீடர் இபப்பை நேரடியாகத் திறக்கும், ஆனால் அதன் சொந்த மென்பொருளில் தமிழ்க் கொம்புகள் இடம் மாறி வரலாம். அதில் கோரீடர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, ஃபான்ட் கெர்னிங் அமைப்பில் 'பெஸ்ட்' என்பதைத் தேர்ந்தால் சரியாகிவிடும். பழைய கிண்டிலை யாரிடமாவது வாங்குவதாக இருந்தால் அவர் தன் அமேசான் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்று உறுதி செய்துகொண்டு, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கிண்டில் வாங்கியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. யுஎஸ்பி வழியாக இபப்பை நகலெடுப்பார்கள், நூல் பட்டியலில் வராது. கிண்டில் இபப்பை நேரடியாகப் படிக்காது. 'சென்ட் டு கிண்டில்' வலைப்பக்கத்தில் உங்கள் அமேசான் கணக்கோடு நுழைந்து இபப்பை இழுத்துப் போடுங்கள். 200 எம்பி வரை ஏற்கும். அமேசான் அதைத் தன் வடிவத்துக்கு மாற்றி வைஃபை வழியாக அனுப்பிவிடும். மின்னஞ்சலில் அனுப்ப விரும்பினால் கணக்கின் அமைப்புகளில் உங்கள் கிண்டிலுக்கான முகவரியைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் அனுப்பும் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நூல் வராது. யுஎஸ்பிதான் வழி என்றால் காலிபர் என்ற இலவசக் கணினி மென்பொருளில் ஏஇசட்டபிள்யூ3 ஆக மாற்றி அனுப்புங்கள். கணினி கிண்டிலைக் கண்டுகொள்ளவே இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு.

அனுப்பிய தமிழ் நூல் குப்பை எழுத்தாக வந்தால் கோப்பை அழித்துவிடாதீர்கள். குப்பையை உற்றுப் பாருங்கள், அதில் இரண்டு ரகம். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் கோப்பில் உள்ள தமிழ் பத்திரமாக இருக்கிறது. யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) என்ற அறிவிப்பு வரி உள்ளே விடுபட்டிருப்பதால் மேற்கத்திய எழுத்து என்று எண்ணிக் கருவி படித்திருக்கிறது. காலிபரில் நூலைச் சேர்த்து, மெட்டாடேட்டா எனப்படும் நூல் விவரத்தில் மொழி 'தமிழ்' என்று குறித்து, இபப்பிலிருந்து இபப்புக்கே ஒருமுறை மாற்றி மறுபடி அனுப்புங்கள். காரணம் சொல்லாமல் 'அனுப்ப முடியவில்லை' என்று அமேசான் திருப்பி அனுப்பும் கோப்புகளும் பல நேரம் இதே வைத்தியத்தில் தேறிவிடும். மொழிக் குறிப்பு விடுபட்டிருப்பதும், இல்லாத படத்தைச் சுட்டும் குறிகளும் வழக்கமான காரணங்கள்.

இரண்டாவது ரகத்தில் சாதாரண ஆங்கில எழுத்துகளே வரும். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரிந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. இதைக் காலிபர் சரிசெய்யாது. மூலத்தை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கிய பின்தான் மின்னூலாக்க வேண்டும்.

தமிழ் பிடிஎஃப்பைக் காலிபரில் போட்டு இபப்பாக்கலாமே என்று தோன்றும். ஸ்கேன் என்றால் உள்ளே எழுத்தே இல்லை, படம்தான். கணினியில் தட்டச்சு செய்த பிடிஎஃப்பிலும் பலவற்றில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிந்திருக்கும், கொம்பு முன்னால், மெய் பின்னால். எடுத்தால் 'கொடு' என்பது 'ெகாடு' என்று வரும். நூல் முழுக்க இப்படி வந்தால் திருத்தி மாளாது. அதற்குப் பதில் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். அது எழுத்தைப் படிக்க முயல்வதில்லை. பக்கத்தைப் படமாகவே எடுத்து, சொற்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடத்தில் வெட்டி, சின்னத் திரைக்கு மறுபடி அடுக்கும். ஆகவே எந்த மொழியும் அதற்கு ஒன்றுதான். கோப்பு பெரிதாகும், கறை படிந்த ஸ்கேனில் தடுமாறும், இரண்டு பத்தி இதழ்ப் பக்கத்தைப் பெரும்பாலும் சரியாகப் பிரித்துவிடும். கோரீடருக்குள் இதே வசதி இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கும் முன் இலவச மாதிரியை இறக்கிப் பாருங்கள். சில தமிழ் மின்னூல்களைப் பழைய அச்சுக் கோப்பிலிருந்து அவசரமாக மாற்றியிருப்பார்கள். ஒற்றுகள் விடுபட்டிருக்கும், பத்திகள் நடுவில் உடைந்திருக்கும். முதல் அத்தியாயத்திலேயே அது தெரிந்துவிடும். கிண்டிலில் நகலெடுக்க முடியாதபடி பூட்டு (டிஆர்எம்) போட்டு விற்கும் நூல் கோபோவில் திறக்காது. அப்படிப் பூட்டிய நூலைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரி 26 முதல் நிறுத்திவிட்டது. அதனால் வாழ்நாள் முழுக்க வைத்திருக்க விரும்பும் நூலை அச்சிலும் வாங்குங்கள். கிண்டில் அன்லிமிடெட் மாதச் சந்தா, ஒருமுறை படித்துவிட்டுக் கடக்கும் நூல்களுக்குப் பொருந்தும். சந்தாவை நிறுத்தினால் அவையும் போய்விடும்.

ரீடரின் திரைக்குள் இருப்பது பெரும்பாலும் மெல்லிய கண்ணாடி. கீழே விழுந்து உடைவதைப் போலவே, பையில் டிபன்பாக்ஸுக்கும் புத்தகத்துக்கும் நடுவே அழுந்தியும் உடையும். திரை மாற்றும் செலவு புது ரீடரின் விலையை நெருங்கும், ஆகவே கெட்டியான முன்மூடி உள்ள உறையை முதல் நாளே போடுங்கள். முந்தைய பக்கத்தின் நிழல் மங்கலாகத் தெரிந்தால் கோளாறு இல்லை. அமைப்புகளில் 'பேஜ் ரெஃப்ரெஷ்' என்பதை இயக்கினால் போய்விடும். படிக்கும்போது ஏரோப்ளேன் மோடில் வைத்தால் சார்ஜ் நீடிக்கும். மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதாக இருந்தால் பாதியளவு சார்ஜோடு வையுங்கள். இலவசமாக இறக்கிய நூல்களைக் காலிபரில் சேர்த்து, அந்த நூலக ஃபோல்டரை அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் கோப்புகளின் பெயரை மட்டும் கையால் மாற்றாதீர்கள். மாற்றினால் காலிபர் அந்த நூலைத் தொலைத்துவிடும்.