தேதி தாண்டிவிட்டது, மருந்து வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பொள்ளாச்சிக்கு அழைத்து வந்தோம். கடைசியாகத் தலைக்குக் குளித்தது ஜூன் 10. மார்ச் 17 பிரசவத் தேதி என்றார்கள். இன்று 21, இன்னும் வலி இல்லை. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. நேற்றைய செக்கப்பில் குழந்தை நன்றாக இருக்கிறது, தண்ணீரும் போதுமான அளவு இருக்கிறது என்றார் டாக்டர். 24ஆம் தேதிக்குள் வலி வராவிட்டால் அட்மிட் ஆகுங்கள், மருந்து வைக்கலாம் என்கிறார். எட்டாம் மாத ஸ்கேனில் மார்ச் 28 என்று போட்டிருக்கிறது, அதுவரை பொறுக்கலாமே என்கிறார் மாப்பிள்ளை. சம்பந்தியம்மா விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மருந்து வைத்து, ஒரு நாள் முழுக்க வலியில் கிடந்து, கடைசியில் ஆபரேஷன்தான் செய்தார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகளும் தேதி தாண்டித் தானாகவே பிறந்தார்கள். என்ன செய்வது டாக்டர்?

பதில்: அம்மா, இது நாள் கணக்குள்ள விஷயம் என்பதால் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். '24 வரை தைரியமாகக் காத்திருங்கள். 28 வரை வேண்டாம்.' ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு, இதே போல ஒரு ஃபைலோடு, எத்தனையோ குடும்பங்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் அந்த ஃபைலைப் பார்ப்போம். மகளின் ஃபைலைப் புரட்டினால் மூன்று தேதிகள் இருக்கும். மாதவிலக்குக் கணக்குப்படி ஒன்று, முதல் ஸ்கேனில் ஒன்று, எட்டாம் மாத ஸ்கேனில் ஒன்று. வீட்டில் ஆளுக்கொரு தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஜூன் 10லிருந்து 280 நாள் எண்ணினால் மார்ச் 17 வருகிறது. இரண்டாம் மாத ஸ்கேன் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதிலும் 17ஐ ஒட்டி, நாலைந்து நாள் முன்பின்னாக ஒரு தேதி இருந்தால், 17தான் உண்மையான தேதி. அப்புறம் யாரும் அதை மாற்றக் கூடாது. இரண்டாம் மாதத்தில் குழந்தை ஒன்றரை சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். அந்தக் கட்டத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் நீளத்தை வைத்து வயதைச் சொல்லிவிடலாம்.

எட்டாம் மாதத்தில் அந்தக் கதை நடக்காது. தலையையும் வயிற்றையும் தொடை எலும்பையும் அளந்து, 'இந்த அளவுக்கு இத்தனை வாரம்' என்று மெஷின் ஒரு கணக்குப் போட்டு ஒரு தேதியை அச்சடித்துவிடுகிறது. கொஞ்சம் சின்ன உடம்புக்காரப் பிள்ளை என்றால் வயது குறைவு என்று நினைத்துக்கொள்ளும். நாலாம் வகுப்புப் பையன் குள்ளமாக இருந்தால் மூன்றாம் வகுப்பு என்று நாம் நினைப்பதில்லையா, அது மாதிரி. மூன்று வாரம் வரைகூடத் தவறலாம். ஆகவே மாப்பிள்ளை பிடித்திருக்கும் 28ஐ மறந்துவிடச் சொல்லுங்கள். அது குழந்தையின் எடையைப் பார்ப்பதற்காக எடுத்த ஸ்கேன், தேதி குறிப்பதற்காக எடுத்தது அல்ல.

17ஆம் தேதி 40 வாரம் முடிந்தது. 24ஆம் தேதி 41 வாரம் முடியும். 31ஆம் தேதி 42. இந்த மூன்றையும் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும்.

40 முடிந்து நாலு நாள் ஆனதில் பதற ஒன்றுமில்லை. சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். தலைப்பிரசவம் கொஞ்சம் தள்ளிப்போவது சகஜம். நீங்கள் தேதி தாண்டிப் பெற்றதாகச் சொல்கிறீர்கள், அந்தப் போக்கு மகளுக்கும் வரலாம். ஆனால் உங்கள் காலத்தில் பலருக்கு இரண்டாம் மாத ஸ்கேனே கிடையாது. தாண்டியதாக நினைத்த தேதி நிஜமாகவே தாண்டியதா என்பதே சந்தேகம்.

சரி, 41ல் என்ன இருக்கிறது? நஞ்சுக்கொடியில் காலாவதித் தேதி எதுவும் அச்சடித்து வைக்கவில்லை. 41 முடிந்த மறுநாள் அது நின்றுவிடப் போவதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு போகப்போக அதன் வேலைத்திறன் குறையலாம். பனிக்குட நீர் வற்றத் தொடங்கலாம். குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிடுவதும் அதிகமாகிறது. எல்லாவற்றையும்விட, சொல்லவே மனம் வராத ஒன்று, வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்து. மிகச் சிறிய ஆபத்துதான். ஆனால் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது.

2019ல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று இருக்கிறது. 41 வாரம் முடிந்த சுமார் 2,760 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே மருந்து. இன்னொரு குழு 42 வரை காத்திருந்தது. காத்திருந்த குழுவில் ஆறு குழந்தைகள் இறந்தன, மருந்து வைத்த குழுவில் ஒன்றுகூட இல்லை. இன்னும் பலரைச் சேர்க்க வேண்டிய ஆய்வை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு, இதே மாதிரி 34 ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்துப் பார்த்தபோதும் முடிவு அதே திசையில்தான் இருந்தது. ஒரு குழந்தையைக் காப்பாற்றச் சுமார் 544 பெண்களுக்கு மருந்து வைக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. மீதி 543 பேருக்கு எப்படியும் நல்லபடியாகவே பிறந்திருக்கும். அந்த ஒருத்தி யார் என்று முன்கூட்டியே சொல்ல நம்மிடம் வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் 41 வாரம் என்று சொல்வது இதனால்தான். உங்கள் டாக்டர் அவசரப்படவில்லை, சரியான நாளைத்தான் சொல்லியிருக்கிறார். இதையே அவர் 39லோ 40லோ, வேறு எந்தக் காரணமும் இல்லாமல் சொல்லியிருந்தால், 'ஏன் டாக்டர்?' என்று கேளுங்கள் என்றுதான் நானும் எழுதியிருப்பேன்.

இனி பக்கத்து வீட்டுப் பெண். உங்கள் பயம் அர்த்தமில்லாதது என்று சொல்லமாட்டேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 64. இந்த ஊரில் இருந்துகொண்டு ஆபரேஷனைக் கண்டு பயப்படாமல் இருக்க முடியுமா? ஆனால் குற்றவாளி மருந்து அல்ல. அந்தத் தொகுப்பில், மருந்து வைத்தவர்களுக்குச் சிசேரியன் கூடவில்லை, சற்றுக் குறைவாகவே இருந்தது. என் அனுபவத்தில், மருந்து வைத்த பிறகு நாம் காட்டாத பொறுமைதான் பல பெண்களை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகிறது. இதில் டாக்டர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. வராந்தாவில் நிற்கும் சொந்தக்காரர்களுக்கும் உண்டு. 'இவ்வளவு நேரம் ஆச்சே, பிள்ளை கஷ்டப்படுது, எடுத்துடுங்க' என்று ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் 'நார்மல்தான் வேணும்' என்று காலையில் சொன்ன அதே ஆட்கள்தான்.

என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். முதலில் உள்பரிசோதனை. கருப்பை வாயை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். பழுக்காத கருப்பை வாய் மூக்கு நுனி மாதிரி கெட்டியாக இருக்கும், பழுத்தது உதடு மாதிரி மெத்தென்றிருக்கும். மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்போம். எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. பிஷப் ஸ்கோர் என்று பெயர். ஆறும் அதற்குக் கீழேயும் என்றால் முதலில் வாயைப் பழுக்க வைக்க வேண்டும். எட்டுக்கு மேல் என்றால் பாதி வேலை முடிந்தது.

பழுக்க வைக்கத்தான் ஜெல். ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் சின்ன சிரிஞ்சு ஜெல்லை உள்ளே வைத்து, அரை மணி நேரம் படுத்திருக்கச் சொல்வார்கள். பிறகு குழந்தையின் துடிப்பு சரியாக இருந்தால் எழுந்து நடக்கலாம். ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். சில இடங்களில் 25 மைக்ரோகிராம் மிசோப்ராஸ்டால் மாத்திரை. சில இடங்களில் மருந்தே இல்லை, சிறுநீர்க் குழாய் போன்ற ஒன்றை உள்ளே விட்டு நுனியிலிருக்கும் பலூனைத் தண்ணீரால் ஊதி வைப்பார்கள். வாய் மூன்று சென்டிமீட்டர் போலத் திறந்ததும் அதுவாகவே நழுவி விழுந்துவிடும். பிறகுதான் பனிக்குடத்தை உடைப்பதும், டிரிப்பில் ஆக்சிடோசின் ஏற்றுவதும். நம்மூரில் 'வலி ஊசி' என்பது இதைத்தான். டிரிப்பில், அளவு பார்த்து, குழந்தையின் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டிய மருந்து இது. யாராவது 'இடுப்பில் ஒரு ஊசி போட்டு அனுப்புகிறேன், வீட்டுக்குப் போனதும் வலி வரும்' என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கருப்பை கட்டுக்கடங்காமல் இறுகிவிட்டால் வீட்டில் யார் பார்ப்பது?

மருந்து வைத்து வரும் வலி, தானாக வரும் வலியைவிடக் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும், மறைப்பதற்கில்லை. நேரமும் பிடிக்கும். பழுக்காத வாயோடு தொடங்கினால் குழந்தை கைக்கு வர ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாள்கூட ஆகலாம். முதல் ஐந்து சென்டிமீட்டர் மாட்டு வண்டிதான். பனிக்குடம் உடைந்து, வலி ஊசி ஏறத் தொடங்கி, குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது பார்க்காமல் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டக் கூடாது. தாயும் சேயும் நன்றாக இருக்கும் வரை, என்பது இதில் முக்கியம். துடிப்பு இறங்கினால் ஐந்து நிமிடம்கூடக் காக்க முடியாது, அப்போது ஆபரேஷன்தான் சரி. அட்மிட் ஆகும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. மருந்து வைத்தபின் எத்தனை மணி நேரம் பொறுப்பீர்கள்? ராத்திரி ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறாரா என்பதும் ஒரு பதில்தான். நீங்கள் உள்ளே கூட இருக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்கள். இடுப்பைத் தேய்த்துவிட அம்மாவின் கை இருப்பது சின்ன விஷயம் இல்லை.

விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, பிரசவத்துக்கு வேண்டிய தெம்பு முழுக்கக் கழிவறையில் போய்விடும். சீரகக் கஷாயம் குடிக்கட்டும், ஒரு தொந்தரவும் இல்லை. சூட்டு வலியா நிஜ வலியா என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள், அதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். பேரீச்சம்பழம், நடை, இவையும் சரி. 24க்கு முன்னால் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், அடுத்த உள்பரிசோதனையின்போது விரலால் பனிக்குடச் சவ்வைச் சற்றே விலக்கிவிட முடியுமா என்று கேளுங்கள். கொஞ்சம் வலிக்கும், லேசாக ரத்தக் கசிவு தெரியும், சிலருக்கு ஓரிரு நாளில் தானாக வலி கண்டுவிடும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்ததாக வரும் என்று தெரியும். நல்ல நேரம். மருந்து வைக்கும் நேரத்தை வேண்டுமானால் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள். பிறக்கும் நேரத்தை நானும் குறிக்க முடியாது, ஜோசியரும் குறிக்க முடியாது.

இந்தக் கடிதத்தில் மாப்பிள்ளை சொன்னது இருக்கிறது, சம்பந்தியம்மா சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கதை இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் இல்லை. அவளிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எல்லாம் கேட்டபிறகும் '24 வேண்டாம், இன்னும் இரண்டு நாள் பார்க்கிறேன்' என்று அவள் சொன்னால், அதற்கும் இடம் உண்டு. வாரம் இரண்டு முறையாவது குழந்தையின் துடிப்பையும் தண்ணீர் அளவையும் பார்க்க வேண்டும். ஆனால் இன்றைய ரிப்போர்ட் இன்றைக்குத்தான் சான்று, நாளை மறுநாளுக்கு அல்ல என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 31ஐத் தாண்டக் கூடாது. சர்க்கரை, பிரஷர், வளர்ச்சிக் குறைவு, முன்பு சிசேரியன் என்று ஏதாவது இருக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவர்கள் தங்கள் டாக்டர் சொல்லும் நாளில் போய்விட வேண்டும்.

அதுவரை தினமும் சாப்பிட்டபின் மகளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி அசைவை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். 'பிரசவம் நெருங்கினால் குழந்தை அடங்கிவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கடைசி நாள் வரை அசைவு குறையக் கூடாது. குறைந்தாலோ, தண்ணீர் உடைந்தாலோ, அது பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தாலோ, ரத்தம் பட்டாலோ, 24க்காகக் காத்திருக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணி என்றாலும் 108ஐக் கூப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள். ஃபைலை மறந்துவிடாதீர்கள், அந்த இரண்டாம் மாத ஸ்கேன் சீட்டு மேலாக இருக்கட்டும்.