மொய்ப் பணமும் பகா எண்ணும்

கேள்வி: மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். எல்லாரும் 501, 1001 என்று ஒரு ரூபாய் சேர்த்தே மொய் எழுதுவதைப் பார்த்த என் மகன், ஒன்பதாவது படிக்கிறான், ரயிலில் திரும்பும்போதே 101 பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்), 1001 பகா எண் இல்லை என்று ஆரம்பித்துவிட்டான். இப்போது 10,00,001-இல் வந்து நிற்கிறான். 2 முதல் 97 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தும் மீதி வந்துகொண்டே இருக்கிறதாம். அப்படியானால் இது பகா எண்தானே? (வாசகி, செம்பூர், மும்பை)

பதில்: அடடா, இன்னும் ஒரே ஓர் எண் போயிருந்தால் பிடித்திருப்பானே! 97-க்கு அடுத்த பகா எண் 101, அதுதான் வகுக்கிறது. 101 × 9901 = 10,00,001. வர்க்கமூலம் வரைக்கும் பார்த்தால்தான் பகா எண் என்று முடிவு சொல்ல முடியும், இதற்கு வர்க்கமூலம் 1000-ஐத் தொடுகிறது, 1000-க்குள் 168 பகா எண்கள் இருக்கின்றன, பையன் பார்த்தது 25.

168-ஐயும் வகுக்கத் தேவையில்லை. பத்து லட்சம் என்பது 100-ஐ மூன்று தடவை பெருக்கியது. 100 என்பது 101-க்கு ஒன்று குறைவு. அப்படிப்பட்ட எண்ணை ஒற்றைப்படைத் தடவை பெருக்கினால் 101-இன் ஏதோ ஒரு மடங்குக்கு ஒன்று குறைவாகவே வந்து நிற்கும். நாம் மொய்யில் சேர்க்கிற அந்த ஒரு ரூபாய் அந்தக் குறையைச் சரியாக நிரப்பிவிடுகிறது. இதே காரணத்தால்தான் 1001, 1,00,001, 1,00,00,001 மூன்றும் 11-ஆல் வகுபடுகின்றன (10 என்பது 11-க்கு ஒன்று குறைவு).

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. அவன் போட்ட 25 வகுத்தலும் வீணாகவில்லை! அந்த 25-இல் எதுவும் 10,00,001-ஐ வகுக்கவில்லை என்றால், அதன் காரணியான 9901-ஐயும் வகுக்க முடியாது. 9901-இன் வர்க்கமூலமோ 100-க்குள். ஆக 9901 பகா எண் என்பதை, தெரியாமலேயே, உங்கள் மகன் நிரூபித்திருக்கிறான். இதைக் கண்டிப்பாக அவனிடம் சொல்லுங்கள்.

தவறான முடிவுக்கு வந்ததற்காக அவன் வருத்தப்படவும் வேண்டாம். 2-ஐ 32 தடவை பெருக்கி 1 கூட்டினால் வரும் 4,29,49,67,297-ஐப் பகா எண் என்றே கணித மேதை ஃபெர்மா நம்பினார், 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதைதான் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்.

1-இல் தொடங்கி, நடுவில் வெறும் பூஜ்யங்களாக, 1-இல் முடிகிற எண்களில் 101-க்குப் பிறகு ஒரு பகா எண்கூட இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. சரி, அடுத்து அவனிடம் பத்துக் கோடியே ஒன்றைக் கொடுங்கள். 17-ஆல் வகுபடும், ஈவு 58,82,353. அப்புறம் 588-இன் வர்க்கத்தையும் 2353-இன் வர்க்கத்தையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; அதே 58,82,353 வரும்.