பெயர் சரி, ஆள் தப்பு

கேள்வி: நார்வே மகளிர் கால்பந்து அணியின் மிட்ஃபீல்டர் ஹேகே ரீசே 188 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர். உலகக் கோப்பை, ஒலிம்பிக் தங்கம், ஐரோப்பிய சாம்பியன் பட்டம் மூன்றையும் வென்றவர். இருந்தும் யாருக்கும் அவரைத் தெரியவில்லையே, ஏன்? நடுக்களத்தில் ஆடுபவர்களின் தலையெழுத்தே இதுதானா?
— 'கால்பந்துப் பைத்தியம்' என்று கையெழுத்திட்ட வாசகர்

பதில்: தலையெழுத்தை அப்புறம் பார்ப்போம். அந்த 'யாருக்கும்' யார் என்று முதலில் சொல்லுங்கள். ஜெர்மனிக்காரர்களுக்குத் தெரியாதா? 1995 ஜூன் 18, ஸ்வீடனின் ரோசுண்டா மைதானம், கொட்டுகிற மழை, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 37வது நிமிடத்தில் ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்ப வைத்துவிட்டு ரீசே அடித்த கோலை அவர்கள் எப்படி மறப்பார்கள்? மூன்று நிமிடம் கழித்து மாரியான் பெட்டர்சன் இரண்டாவது கோலைப் போட்டார், கதை முடிந்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தும் ரீசேவுக்குத்தான். தோற்ற ஜெர்மனி அணியில் 17 வயதுப் பெண் ஒருத்தி இருந்தார், பிர்கிட் பிரின்ஸ். ஏழு ஆண்டு கழித்து அதே பிரின்ஸும் ரீசேவும் அமெரிக்காவின் கரோலினா கரேஜ் அணியில் சேர்ந்து ஆடி 2002இல் லீக் பட்டம் வென்றார்கள். பிரின்ஸைக் கேளுங்கள், தெரியுமா தெரியாதா என்று.

ஜப்பானியர்களுக்குத் தெரியும். உலகக் கோப்பை வென்ற கையோடு அங்கே போய், நிக்கோ செக்யூரிட்டிஸ் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் அணிக்கு ஆடினார். பொருளாதாரம் படுத்ததும் ஜப்பானிய நிறுவனங்கள் முதலில் இழுத்து மூடியது மகளிர் அணிகளைத்தான். நிக்கோ அணியும் 1998இல் காணாமல் போனது. கரோலினா கரேஜ் ஆடிய அமெரிக்க லீக்கோ ஏறத்தாழ 10 கோடி டாலரைக் கரைத்துவிட்டு, 2003 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்னால் கடையைக் கட்டியது. ரீசே கால் வைத்த இடமெல்லாம் மூடப்பட்டது என்று எழுதினால் பாவம். அவர் போன பிறகுதான் முதல் கடை மூடியது.

ஆக, தெரியவேண்டியவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவர்கள் நம் விளையாட்டுப் பக்கத்துக்காரர்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு, இந்தப் பக்கத்தின் நீண்டகால வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

'ரீசே' என்று சொல்லிப் பாருங்கள், 'ஆமாம், லிவர்பூல், சிவப்பு முடி, இடது கால் வெடி' என்பார்கள். அவர் ஜான் ஆர்னே ரீசே. நல்ல ஆட்டக்காரர்தான், 2005இல் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தவர். 2008 அரையிறுதியில் செல்சீக்கு எதிராகக் கடைசி நொடியில் தலையால் முட்டி சேம் சைடு கோல் போட்டவரும் அவரே. நார்வேக்கு அவர் ஆடியது 110 ஆட்டம், ஆண்களில் அதுதான் சாதனை. 'நார்வேக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர் ரீசே' என்று அவர் படத்தைப் போட்டுச் செய்தி எழுதுவார்கள். ஹேகேயின் கணக்கு அதைவிட 78 ஆட்டம் கூடுதல். பெயர் சரி, ஆள் தப்பு! பிழை திருத்துபவரால்கூடக் கண்டுபிடிக்க முடியாத பிழை. தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் அவன் பெயரையும் சேர்த்து எழுதி, அதிர்ஷ்டவசமாக இரண்டு பேருக்கும் ஒரே பெயராக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

கோல் கணக்கு இன்னும் வேடிக்கை. நார்வே ஆண்கள் அணியில் ஜோர்கன் யூவே என்பவர் 1937 வரை ஆடி 33 கோல் அடித்தார். அந்தச் சாதனையை 2024 அக்டோபரில் எர்லிங் ஹாலண்ட் முறியடித்தார், 34வது கோல். உடனே 'நார்வே வரலாற்றிலேயே அதிக கோல்' என்று தலைப்பு. அன்றைய தேதியில் ஹேகே ரீசே அவரைவிட 24 கோல் முன்னால் நின்றார், 58. இத்தனைக்கும் அவர் முன்வரிசை ஆட்டக்காரர் இல்லை, பந்தை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் ஆடியவர். முன்வரிசையில் ஆடிய இசபெல் ஹெர்லோவ்சன் 67, மாரியான் பெட்டர்சன் 66. 'ஆண்கள்' என்று ஒரு சொல்லைக் கூடுதலாகப் போட்டால் தலைப்பில் இடம் போதாதாம். மகளிர் செய்திக்கு மட்டும் 'மகளிர்' என்று போட எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.

சரி, பத்திரிகைக்காரர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஃபிஃபாவே இவர்களை ஒளித்துத்தான் வைத்திருந்தது. 1991இல் சீனாவில் நடந்த முதல் தொடருக்கு உலகக் கோப்பை என்று பெயர் வைக்கவில்லை. 'எம் அண்ட் எம்ஸ் கோப்பைக்கான' உலக சாம்பியன்ஷிப். ஆம், அந்தக் கலர் கலர் சாக்லேட் மிட்டாய்தான். ஜெயித்துவிட்டால் பெரிதாக எண்ணிக்கொள்வோம், தோற்றுவிட்டால் மிட்டாய்ப் போட்டி என்று சொல்லிவிடலாம் என்ற ஏற்பாடு போல. ஆட்டம் 90 நிமிடம் இல்லை, 80 நிமிடம். கூட 10 நிமிடம் ஓடினால் எங்கள் சினைப்பை கழன்று விழுந்துவிடும் என்று பயந்தார்களோ என்று அமெரிக்கக் கேப்டன் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் கேலி செய்தார். இறுதி ஆட்டத்தில் நார்வே 1-2 என்று அமெரிக்காவிடம் தோற்றது. ரீசே அந்த அணியிலும் இருந்தார்.

நான்கு ஆண்டு கழித்து 90 நிமிடம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு இன்னொரு சோதனை: ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு இரண்டு நிமிட டைம்-அவுட் எடுக்கும் உரிமை. டைம்-அவுட் என்றதும் எனக்கு ரத்தம் கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஐபிஎல்லில் 2009இல் அதைக் கொண்டுவந்த நாளிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறேன். 'வியூகம் வகுக்க' என்கிறார்கள். வியூகம் வகுப்பது விளம்பரத் துறை. பேட்ஸ்மேன் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் நமக்கு மூன்று பான் மசாலா விளம்பரம். நல்ல வேளை, கால்பந்தில் அந்த வியாதி அப்போது ஒட்டிக்கொள்ளவில்லை.

1995 நார்வே அணிக்கு டைம்-அவுட் எதற்கு? ஆறு ஆட்டம், 23 கோல். வாங்கியது ஒன்றே ஒன்று, அதுவும் டென்மார்க்கிடம். நைஜீரியாவுக்கு எட்டு, கனடாவுக்கு ஏழு. அரையிறுதியில் அமெரிக்காவை 1-0 என்று வீழ்த்தியதும், ஒருவர் கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொண்டு மைதானத்தில் ரயில் மாதிரி தவழ்ந்து போனார்கள். அமெரிக்கர்களுக்கு அந்த ரயில் ஆண்டுக்கணக்கில் கண்ணில் உறுத்தியது. பயிற்சியாளர் ஈவன் பெல்லருட்டின் ஆட்டமுறை எனக்குப் பிடித்ததில்லை. நீளமாக மேலே அடி, ஓடு, முட்டு. அந்த அவசரக்கூட்டத்தில் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்தவர் ரீசே. நடுக்களத்தின் தலையெழுத்து என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இவ்வளவுதான்: தங்கப் பந்து வாங்கிய தலையெழுத்து எனக்கும் இருந்தால் தேவலை.

பயிற்சியாளராக அவர் கதை வேறு மாதிரி. உள்ளூரில் எல்எஸ்கே அணியுடன் தொடர்ந்து பட்டங்கள். 2021இல் இங்கிலாந்துக்கு இடைக்காலப் பயிற்சியாளர், டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணி. 2022 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்திடம் 0-8 என்று நார்வே நொறுங்கியதும், ஓடிவந்து தூக்கி நிறுத்தச் சொந்த நாடு அவரைத்தான் கூப்பிட்டது. 2023 உலகக் கோப்பையில், அதுவரை உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத நியூசிலாந்திடம் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. அடுத்த ஆட்டத்தில் அணியின் மிகச்சிறந்த ஆட்டக்காரரான கரோலின் கிரஹாம் ஹான்சனை வெளியே உட்கார வைத்தார். ஹான்சன் பத்திரிகையாளர்கள் முன்னால் பொருமினார். கடைசி 16இல் ஜப்பானிடம் 1-3, சில வாரத்தில் பதவி போயிற்று. ஹான்சன் விஷயத்தில் ரீசே செய்தது தவறு என்றே நினைக்கிறேன். அந்த ஆட்டக்காரியை வெளியே வைத்துவிட்டுக் கோல் எங்கிருந்து வரும்? வரவும் இல்லை, சுவிட்சர்லாந்துடன் 0-0.

இனி சிட்னி. 2000 ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-2 என்று தோற்ற நார்வே, இறுதி ஆட்டத்தில் அதே அமெரிக்காவை 3-2 என்று வென்றது. ஆட்டம் முடிகிற தறுவாயில் டிஃபெனி மில்பிரெட் 2-2 ஆக்கிவிட, கூடுதல் நேரத்தில் டாக்னி மெல்கிரென் கோல்டன் கோல் போட்டார். கோல் விழுந்த நொடியில் ஆட்டம் முடிகிற அந்த விதியை ஒழித்தவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. பெனால்டி ஷூட்-அவுட்டைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இங்கேதான் சக பத்திரிகை நண்பர் ஒருவர் இன்றுவரை என்னோடு மல்லுக்கட்டுகிறார். மெல்கிரெனின் கையில் பந்து பட்டதாம், ஆகவே அந்தத் தங்கம் செல்லாதாம். பட்டது, நானும் பார்த்தேன். ஆனால் 1986இல் மெக்சிகோவில் மரடோனா கையால் தட்டிய கோலுக்கு 'கடவுளே இறங்கி வந்தார்' என்று முழுப் பக்கம் உருகி எழுதியவர் இதே நண்பர். அதற்குச் சில வாரம் முன்பு அதே மெக்சிகோவில், ஃபிஃபா மாநாட்டில் முதன்முதலாகப் பேசிய பெண், நார்வேயின் எலன் வில்லே, எங்களுக்கும் ஒரு உலகக் கோப்பை வேண்டும் என்று மேடையேறிக் கேட்டார். நண்பர் அந்த ஆண்டு மெக்சிகோ பற்றி எழுதிய கட்டுரைகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தேடிப் பார்த்துவிட்டேன், வில்லே பெயர் ஒரு வரியிலும் இல்லை. அவர் விரும்பினால் நகல் எடுத்து அனுப்புகிறேன், தபால் செலவு என்னுடையது.

அடுத்த கேள்வி.